மலையும் குகையும் ஒரே நாளில்: வாசகர் கேள்வி – பதில்

காரைக்குடியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இருந்துகொண்டு, காலையில் கிளம்பி இருட்டியதும் வீடு திரும்பும்படி குன்றுகளையும் குடைவரைகளையும் (பாறையைக் குடைந்து எடுத்த கோயில்களையும்) பார்த்து வருவது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

நாங்கள் பன்னிரண்டு பேர். நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, திருமயம், ஆத்தங்குடி ஐந்தையும் ஒரே நாளில் காட்டும்படி வழிகாட்டியிடம் கேட்டோம். "மூன்றுதான் முடியும்" என்கிறார். இன்னொரு நாள் கூலி வாங்கத்தான் இப்படிச் சொல்கிறாரா?
— வாசகர், தேவகோட்டை

அவர் சொல்வது சரி. அப்படிச் சொல்கிற வழிகாட்டியை விட்டுவிடாதீர்கள்.

இங்கே தூரம் ஒரு பொருட்டே இல்லை. காரைக்குடியில் கிளம்பி நார்த்தாமலை, சித்தன்னவாசல், திருமயம் மூன்றையும் பார்த்துத் திரும்பினால் மொத்தமே 130, 140 கிலோமீட்டர்தான். நாளைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: பாறைச் சூடு, கோயில் நடை. நம் பக்கத்துக் குன்றுகள் மரம் அடர்ந்த மலைகள் அல்ல, மொட்டைக் கருங்கல். பங்குனி, சித்திரையில் காலை பதினோரு மணிக்கு மேல் அதில் வெறுங்காலை வைக்க முடியாது. மூன்றரை மணி வரை அதே கதைதான். கோயில்களோ பன்னிரண்டரை, ஒரு மணிக்கு நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். ஆக, உங்கள் கையில் இருப்பது காலையில் நான்கு மணி நேரம், மாலையில் இரண்டரை மணி நேரம். அதற்குள் ஐந்து ஊரைத் திணித்தால் ஐந்து ஊரிலும் வாசலைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலை ஐந்தரைக்குக் கிளம்பி, திருமயத்தில் நிற்காமல், புதுக்கோட்டையைக் கடந்து திருச்சி சாலையில் நேரே நார்த்தாமலைக்குப் போய்விடுங்கள். ஏழு மணிக்குள் அடிவாரத்தில் இருக்க வேண்டும். அங்கிருந்து மேலமலைக்குப் பாறைச் சரிவில் இருபது நிமிட நடை. படிக்கட்டு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மழை பெய்திருந்தால் பாறையில் கறுப்பாக நீர் வழிந்த தடங்கள் தெரியும், அவற்றில் கால் வைக்காதீர்கள். காய்ந்தது போலத் தோன்றும், ஆனால் பாசி வழுக்கிவிடும்.

மேலே விசயாலய சோழீச்சரம் மேற்கு பார்த்து நிற்கிறது. அதற்கு நேர் எதிரே, கிழக்கு பார்த்தபடி இரண்டு குடைவரைகள். காலை ஏழரை மணிக்குக் கோயிலின் பின்னாலிருந்து எழும் வெயில் நேரே குடைவரைக்குள் விழும். பெரிய குடைவரையின் முன்மண்டபச் சுவரில் ஆள் உயரத்துக்குச் சற்றே குறைவாகப் பன்னிரண்டு திருமால் உருவங்கள், எல்லாம் ஒரே வார்ப்பில் எடுத்தது போல வரிசையாக நிற்கும். மங்கலாகப் பார்த்தால் பன்னிரண்டும் ஒன்றுதான். பக்கவாட்டில் வெயில் படும் அந்த அரை மணி நேரத்தில் மட்டும் ஒவ்வொன்றின் ஆடை மடிப்பும் தனித்தனியாக எழுந்து வரும். குடைவரைக்கு முன்னால் உள்ள மேடையைக் குனிந்து பாருங்கள், யாளியும் யானையும் மகரமுமாக ஒரு வரி ஓடும். நிமிர்ந்தபடியே நடப்பவர்கள் எல்லாரும் இதைத் தவறவிடுகிறார்கள். சோழீச்சரத்தின் கருவறை உள்ளே வட்டம், வெளிச்சுவர் சதுரம். வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது. கருவறை பூட்டியிருந்தால் அங்குள்ள காவலரிடம் பணிவாகக் கேளுங்கள். சுற்றிலும் எஞ்சியிருக்கும் ஆறு சிறு கோயில்களையும் ஒரு நடை சுற்றிவிட்டு எட்டே முக்காலுக்கு இறங்கிவிடுங்கள்.

அடுத்தது சித்தன்னவாசல். இங்கே முதலில் ஏழடிப்பட்டத்துக்கு ஏறுங்கள், அறிவர் கோயில் பிறகு. பெரும்பாலோர் மாற்றிச் செய்து பத்தரை மணி வெயிலில் ஏழடிப்பட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அறிவர் கோயில் ஓவியங்கள் உள்ள குடைவரை, நிழல் உண்டு, எப்போது போனாலும் தாங்கும். ஏழடிப்பட்டத்துக்கோ திறந்த பாறையில் ஏற வேண்டும், இரும்புக் கம்பி பிடித்துக்கொண்டு போகும் இடமும் உண்டு. அங்கே இருப்பவை சமணத் துறவிகளின் 17 கல் படுக்கைகள். தலைமாட்டில் தலையணை போலக் கல்லை உயர்த்தி விட்டிருக்கிறார்கள். ஒரு படுக்கையில் கி.மு. முதல் நூற்றாண்டையொட்டிய தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. நுழைவுச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் கடைசி வரை கையில் வைத்திருங்கள்.

பதினொன்றேகாலுக்கு வண்டியில் ஏறினால் சாப்பாட்டுக்குப் புதுக்கோட்டை. வெயில் நேரத்தைத் திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் கழியுங்கள். 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. காலையில் பார்த்த குன்றுகளின் தொல்பொருள்களும் செப்புத் திருமேனிகளும் அங்கே பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைக்கும். வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. இதைப் பார்க்காமல் நாள் குறித்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் அதிகம்.

மூன்றரைக்குத் திருமயம். இங்கேயும் வரிசைதான் முக்கியம்: முதலில் கோட்டை, பிறகு கோயில்கள். கோட்டை தொல்லியல் துறையிடம் இருக்கிறது, ஐந்து மணிக்குள் பார்த்து முடிக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். கோயில்கள் இரவு வரை திறந்திருக்கும். நான்கு மணிக்கு முதலில் பெருமாளைச் சேவித்துவிட்டு ஐந்தேகாலுக்குக் கோட்டைக்கு வந்தால் கதவு சாத்தியிருக்கும். 1687இல் இராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை இது. ஏறும் வழியில், செங்குத்தான பாறையின் பாதி உயரத்தில் ஒரு சிறு குடைவரைக்குள் லிங்கம் இருக்கிறது. இரும்பு ஏணி வழியாகத்தான் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஏறுங்கள், சேலை கட்டியவர்கள் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். உச்சியில் பீரங்கி மேடையும் நாலாபுறமும் கண்மாய்களும் தெரியும். கீழே சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் சத்தியகிரீசுவரர் கோயிலும் ஒரே பாறையில் அடுத்தடுத்துக் குடைந்தவை. இரண்டு கோயில்களுக்கும் இடையே இருந்த பங்குத் தகராறு 13ஆம் நூற்றாண்டில் தீர்க்கப்பட்டதை அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. பழைய இசைக் கல்வெட்டு ஒன்றின் மிச்சமும் சிவன் குடைவரையில் இருக்கிறது, வழிகாட்டி சுட்டிக்காட்டினால்தான் கண்ணில் படும்.

குடுமியான்மலைக்குத் தனியாக ஒரு காலை ஒதுக்குங்கள். ஆத்தங்குடியைக் கானாடுகாத்தானோடு சேர்த்து வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். அங்கே பழைய செட்டிநாட்டு வீடுகளுக்குள்ளேயே சுற்றுவதால் அதற்கு வெயில் ஒரு தடையே இல்லை.

நல்ல வழிகாட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? சென்ற முறை வந்தவர் கதை கதையாகச் சொன்னார், எது உண்மை என்றே தெரியவில்லை.
— வாசகி, காரைக்குடி

சுற்றுலாத் துறை கொடுத்த அடையாள அட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அட்டை மட்டும் போதாது. தொலைபேசியில் பேசும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்.

ஒன்று: "விசயாலய சோழீச்சரத்தைக் கட்டியது யார்?" பெயரை வைத்து "விசயாலய சோழன்" என்று சட்டென்று சொன்னால், அங்கே வெட்டியிருக்கும் கல்வெட்டை அவர் படிக்கவில்லை. முத்தரையர் மரபைச் சேர்ந்த சாத்தன் பூதி எடுத்த கற்றளி (கற்கோயில்) மழையில் சிதைய, மல்லன் விடுமன் அதைப் புதுப்பித்தான் என்பது அந்தக் கல்வெட்டின் செய்தி. இரண்டு: "சித்தன்னவாசல் ஓவியம் யார் காலத்தது?" மகேந்திரவர்மப் பல்லவன் என்பது பழைய கருத்து. அவனிபசேகரன் என்ற ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் குடைவரையைப் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. இந்த இரண்டுக்கும் சரியாகப் பதில் சொல்கிறவரிடம் மற்றதை நம்பி ஒப்படைக்கலாம்.

"நார்த்தாமலை என்பது நகரத்தார் மலைதான்" என்று வழிகாட்டிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெயர் அப்படி மருவியது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டதுதான். ஆனால் அந்த "நகரத்தார்" இடைக்கால வணிகர் சபை. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் புழங்கிய ஊர் அது. இன்றைய நாட்டுக்கோட்டை நகரத்தார்களோடு அதை நேரடியாக முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. இந்த வேறுபாட்டைத் தானாகவே எடுத்துச் சொல்லும் வழிகாட்டி கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

கூலி ஒரு நாளைக்கு இவ்வளவு என்று குழுவுக்கு மொத்தமாகப் பேசுங்கள், தலைக்கு இவ்வளவு என்று வேண்டாம். பதினைந்து பேருக்கு மேல் போனால் குகைக்குள் பின்னால் நிற்பவர் காதில் ஒன்றும் விழாது, இரண்டு பிரிவாகப் பிரித்துவிடுங்கள். வண்டியில் வழிகாட்டிக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்பதைக் கணக்கில் சேருங்கள். பன்னிரண்டு இருக்கை வண்டிக்குப் பன்னிரண்டு பேர் போய், வழிகாட்டி ஸ்டூலில் உட்கார்ந்து வருவது அடிக்கடி நடக்கிறது. திட்டத்தில் இல்லாத கடைகளில் நிறுத்த மாட்டோம் என்பதையும் முன்பே பேசி முடியுங்கள். கடைக்காரர் கொடுக்கும் கமிஷனுக்காக முக்கால் மணி நேரம் போனால், அது உங்கள் மாலை வெளிச்சத்திலிருந்துதான் போகிறது.

சித்தன்னவாசல் ஓவியத்தைப் பற்றி அவ்வளவு சொல்கிறார்கள். போனால் சுவரில் கறைதான் தெரிகிறது. கைபேசி விளக்கை அடித்துப் பார்க்கலாமா?
— வாசகர், கோட்டையூர்

விளக்கை அடிக்காதீர்கள். ஃபிளாஷ் போடவும் அனுமதி இல்லை. கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணம், வெள்ளை வெயிலில் ஏறி வந்த கண் இன்னும் சுருங்கியே இருப்பதுதான். உள்ளே போனதும் பத்து நிமிடம் சுவர்ப் பக்கம் உட்காருங்கள். வெளியே பார்க்காதீர்கள். பிறகு முன்மண்டபத்தின் விதானத்தை அண்ணாந்து பாருங்கள்.

முதலில் பச்சை எழும், தாமரை இலைகள். அவற்றுக்கிடையே வெளிர்சிவப்பில் மொட்டும் மலரும். அப்புறம் ஒவ்வொன்றாக மீன், அன்னம், எருமை, யானை. கடைசியாகத்தான் குளத்தில் இறங்கிப் பூப் பறிக்கும் ஆட்கள் தெரிவார்கள். ஒருவர் கையில் தண்டோடு தாமரை, அந்தத் தண்டு தோள் மேல் வளைந்து கிடப்பது வரை பார்க்கலாம். தூண்களின் மேற்பகுதியில் ஆடும் மகளிர் இருக்கிறார்கள், தூணுக்கு நேர் எதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நின்றால் வீசிய கையின் வளைவு பிடிபடும். சுண்ணாம்புப் பூச்சின் மேல் கனிம வண்ணங்களால் தீட்டியது இது. சுவரில் சாய்வதும் விரலால் தடவுவதும் வேண்டவே வேண்டாம். முன்னால் நிற்கும் தூண் மண்டபம் 20ஆம் நூற்றாண்டில் சேர்த்தது, அதன் தூண்கள் குடுமியான்மலையிலிருந்து வந்தவை. அதை ஓவியத்தின் காலத்தோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள்.

கருவறையில் கூட்டம் இல்லாத நேரத்தில் வாயை மூடிக்கொண்டு மெல்ல ஒரு "ம்" சொல்லிப் பாருங்கள். அறை முழுதும் அதிரும். பத்துப் பேர் சேர்ந்து கத்தினால் இது கேட்காது.

வண்டி பேசும்போது எதில் ஏமாறுகிறோம்? சொன்ன வாடகை ஒன்று, கடைசியில் கொடுக்கும் வாடகை ஒன்றாக இருக்கிறது.
— வாசகர், புதுவயல்

நாள் வாடகையில் "குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர்" என்று ஒரு நிபந்தனை இருக்கும். நீங்கள் ஓடுவது 140. மீதி 110 கிலோமீட்டருக்கு ஓடாத காசு கொடுக்கிறீர்கள். அதனால் கிலோமீட்டர் கணக்கு, மணிக் கணக்கு (பன்னிரண்டு மணி நேரம், இவ்வளவு கிலோமீட்டர் என்பது) இரண்டிலும் மொத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டுக் குறைவானதை எடுங்கள். தூரம் ஷெட்டிலிருந்து ஷெட்டுக்கா, உங்கள் வீட்டு வாசலிலிருந்தா என்பதையும் கேளுங்கள். காரைக்குடி வண்டியைப் புதுவயலுக்கு வரவழைத்தால் போக வர அந்தத் தூரமும் உங்கள் தலையில்தான். ஓட்டுநர் படி, சுங்கம், நிறுத்துமிடக் கட்டணம் மூன்றும் உள்ளடக்கமா, தனியா? மலை ஏறினால் மலைப் படி உண்டா? ஏ.சி. நாள் முழுதுமா? இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொண்டு, கிளம்பும்போது மீட்டரை ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

மஞ்சள் எண் பலகை உள்ள வண்டியையே எடுங்கள். தெரிந்தவர் சொந்த வண்டி, வெள்ளைப் பலகை, வாடகை மலிவு என்று போனால், விபத்து நேரும்போது வாடகைக்கு ஓடியதைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். அதில் மிச்சமாவது ஆயிரம், இரண்டாயிரம்தான்.

எங்கள் ஆயாவுக்கு 74 வயது. பிறமலை... இல்லை, பிரான்மலைக்குப் போக வேண்டும் என்கிறார்கள். முழங்கால் வலி உண்டு. மலை ஏற முடியுமா?
— வாசகி, திருப்பத்தூர்

மலை ஏற வேண்டாம். ஆனால் பிரான்மலையை அவர்கள் முழுதாகப் பார்க்கலாம். இது பலருக்குத் தெரியவில்லை. கோயில் அடிவாரத்தில் இருக்கிறது. பாதாளம், பூமி, கயிலாயம் என்று மூன்று அடுக்காக அமைந்தது அது. கீழே கொடுங்குன்றநாதர், மேலே குடைவரையில் மங்கைபாகர். சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம் இதுதான். அடுக்குக்கு அடுக்கு சில படிகள் ஏற வேண்டும், அவ்வளவுதான். மங்கைபாகர் திருமேனிக்கு அபிஷேகம் கிடையாது, பால் குடம் எடுத்துக்கொண்டு போய் ஏமாற வேண்டாம். பெரியவர்களை எட்டு மணிக்குக் கூட்டிப் போனால் கல் குளிர்ந்திருக்கும். கோயிலுக்குள் செருப்பு இல்லாமல் நடக்க வேண்டும் என்பதால் மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி காலுறை கையில் இருக்கட்டும். முழங்கால் வலிக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் கீழே வைக்கச் சொல்லுங்கள், ஏறும்போது வலிக்காத கால் முதலில். ஒரு கை சுவரிலோ கைப்பிடியிலோ, மறு கை உங்கள் தோளில்.

வீட்டில் இளையவர்கள் உச்சிக்குப் போக விரும்பினால் அது வேறு கணக்கு. மலை சுமார் 2,500 அடி. ஏற ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், இறங்க ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்கள். காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் கால் வைத்தால்தான் பத்து மணிக்குள் கீழே வர முடியும். உச்சியில் ஷேக் அப்துல்லா அவுலியா தர்கா இருக்கிறது, எல்லா மதத்தாரும் ஏறுகிறார்கள். கபிலர் பாடிய பாரியின் பறம்பு இதுதான் என்பது இங்குள்ள மரபு. மேலே நின்று பார்த்தால், மூவேந்தர் சேனை சுற்றி வளைத்தும் மலையை எடுக்க முடியாமல் போனது ஏன் என்று சொல்லாமலே விளங்கும். பாதை தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். பாறையில் நடக்கும் பாதை தடம் பதியாது. ஏறும்போது வழி ஒன்றுதான் என்று தோன்றும், திரும்பும்போது நாலாகப் பிரிந்து தெரியும்.

அன்று மாலைக்கு: திருக்கோட்டியூரில் நான்கு மணிக்கு நடை திறக்கும்போது நில்லுங்கள். இராமானுசர் எட்டெழுத்து மந்திரத்தை ஊரறியச் சொன்ன தலம். அட்டாங்க விமானத்தில் அடுக்கடுக்காக ஏறிப் போகலாம், உள்ளே படி குறுகல், ஆயாவைக் கீழேயே உட்கார வைத்துவிடுங்கள். 1801 அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டது உங்கள் ஊரில்தான். பிள்ளைகளுக்கு அந்த இடத்தையும் காட்டுங்கள்.

கொடைக்கானலுக்கு ஒரே நாளில் போய் வரலாம் என்று விளம்பரம் பார்த்தோம். போகலாமா?
— வாசகர், பள்ளத்தூர்

காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். போக ஐந்து மணி நேரம், வர ஐந்து. மேலே உங்களுக்குக் கிடைப்பது நான்கு மணி நேரம், அதிலும் பாதி நெரிசலில் போகும். தூக்கக் கலக்கத்தில் ஓட்டுநர் இரவில் மலை இறங்குவார். இப்படிப் போகச் சொல்லி நாங்கள் சொல்லவே மாட்டோம். தங்குவதாக இருந்தால் போங்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும், இணையத்தில் இலவசமாக எடுக்கலாம்.

ஒரே நாளில் மலைக்காற்று வேண்டுமென்றால் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலைக்குப் போங்கள். சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் சுமார் 105 கிலோமீட்டர். ஐந்தரைக்குக் கிளம்பி எட்டரைக்குள் திண்டுக்கல்லில் பலகாரம் சாப்பிட்டுவிட்டு, ஒன்பது மணிக்கு மலைக்கோட்டை ஏறுங்கள். 1605இல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் கட்டத் தொடங்கிய கோட்டை, பிறகு ஹைதர் அலி கைக்கு வந்தது. சிவகங்கைச் சீமைக்காரர்கள் இங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்க வேண்டும். 1772இல் காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் வீழ்ந்தபின் அவர் மனைவி வேலு நாச்சியார் அடைக்கலம் இருந்தது இந்தத் திண்டுக்கல், விருப்பாட்சிப் பக்கம்தான். ஹைதர் அலியின் உதவியோடு 1780இல் சிவகங்கையை மீட்டார். பாறை சுடத் தொடங்கும் பத்தரை மணிக்கு இறங்கி, வெயில் நேரத்தைச் சிறுமலையின் மர நிழலில் கழியுங்கள். மூன்று மணிக்கு மலை இறங்கத் தொடங்கினால் வெளிச்சத்திலேயே சாலைக்கு வந்துவிடலாம்.

சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் மாத்திரையை மலை ஏறத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை, அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். காலையில் பால், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், இரண்டு இட்லி போதும். முன்னிருக்கையில் உட்கார்ந்து தொலைவில் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள், கைபேசியைப் பையில் போடுங்கள். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் மிதித்தபடி இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடி விட்டுவிடும். கருகிய வாடை வந்தால் உடனே ஓரம் கட்டி இருபது நிமிடம் ஆறவிடச் சொல்லுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள்.

கட்டுச்சோறு என்ன எடுத்துப் போகலாம்? போன தடவை தயிர்சாதம் பன்னிரண்டு மணிக்கே புளித்துவிட்டது.
— வாசகி, கண்டனூர்

தயிர் ஊற்றிப் பிசைந்ததால்தான் புளித்தது. ஒரு கப் பச்சரிசிக்கு நான்கு கப் தண்ணீர் வைத்துக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, நன்றாக ஆறவிடுங்கள். காய்ச்சி ஆறிய பால் இரண்டு கப், தயிர் இரண்டே மேசைக்கரண்டி, உப்பு. அவ்வளவுதான். அதிகாலை ஐந்து மணிக்குப் பிசைந்தது மதியம் சரியான தயிர்சாதமாக இருக்கும். சோறு சூடாக இருக்கும்போது பாலையும் தயிரையும் விட்டால் திரிந்து நீர்விட்டுப் போகும். வெங்காயம், திராட்சை எல்லாம் சாப்பிடும்போது சேருங்கள். புளிச்சோற்றுக்குப் பயமில்லை, நல்லெண்ணெய் தாராளமாக இருக்கட்டும், சோறு ஆறிய பின்பே கிளறுங்கள். தேங்காய் அரைத்த துவையல், சாம்பார் சாதம் இரண்டும் வெயிலில் வண்டிக்குள் தாங்காது. காலைக்கு இட்லியைப் பொடி, நல்லெண்ணெய் தடவி வாழையிலையில் கட்டிக்கொண்டால் நார்த்தாமலை இறங்கியதும் சாப்பிடச் சரியாக இருக்கும்.

தண்ணீர் ஆளுக்கு மதியம் வரை இரண்டு லிட்டர். பன்னிரண்டு பேருக்கு ஒரு 20 லிட்டர் கேன் பற்றாது. மலை மேல் கடை கிடையாது என்பதால் ஆளுக்கு ஒரு புட்டி முதுகுப் பையில் ஏற வேண்டும். உப்புச் சர்க்கரைப் பொட்டலம் நாலைந்து வைத்திருங்கள். பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு என்று எழுதியிருந்தால் ஒரு லிட்டரிலேயே கரைக்க வேண்டும், ஒரு தம்ளரில் கரைத்துக் கொடுத்தால் நன்மையைவிடக் கெடுதல் அதிகம்.

சிங்கப்பூரிலிருந்து என் தங்கை குடும்பம் வருகிறது. அவர்களுக்கு நுழைவுக் கட்டணம் அதிகமா?
— வாசகி, கானாடுகாத்தான்

சித்தன்னவாசல், திருமயம் போன்ற தொல்லியல் துறை இடங்களில் இந்தியர்களுக்கு 25 ரூபாய், வெளிநாட்டவருக்கு 300 ரூபாய். இணையத்தில் எடுத்தால் சற்றுக் குறையும். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர்களிடம் ஓசிஐ அட்டை (வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தால் இந்தியக் கட்டணமே போதும், அட்டையின் அசலைக் கையில் கொண்டுவரச் சொல்லுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்குவதாக இருந்தால் ஒன்று: நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களை நாட்டை விட்டு எடுத்துப் போக 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்காது. பித்தளைக் குத்துவிளக்கு, எனாமல் தூக்கு போன்ற பிற்காலப் பொருளாக இருந்தாலும் பொருளின் விவரத்தோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

மலைத்தேனீ கொட்டும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
— வாசகர், நாச்சியாபுரம்

உண்மை. பாறை விளிம்பின் அடியில் பெரிய தேனடை தொங்குவதைப் பார்த்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். புகை, கற்பூரம், பட்டாசு, கல்லெறிதல் எதுவும் கூடாது. வாசனைத் திரவியம் அன்று வேண்டாம். கலைந்துவிட்டால் கையை வீசாமல், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, நிற்காமல் விலகி ஓடி வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றுங்கள். குளத்தில் குதிக்காதீர்கள், தலை எடுக்கும்வரை மேலேயே சுற்றும். கொட்டிய முள்ளை உடனே நகத்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். மூச்சு இழுத்தாலோ, உதடு வீங்கினாலோ, பத்து இருபது கொட்டுக்கு மேல் வாங்கியிருந்தாலோ நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.